ஆயிரத்தெட்டுத் தோப்புக்கரணம்

ரதிதேவிக்கு ஓட வராது. நீந்தத் தெரியாது. சைக்கிளில் யாராவது ஏற்றிவிட்டால் இறங்கவும் தெரியாது. ஐம்பத்தாறு வயதில், பாபகூராவில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறவளிடம் போய், "நீங்கள் என்ன சவால் எடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால், பாவம், அவள் என்னத்தைச் சொல்லுவாள்?

கேட்டவள் மெரெ. மஞ்சள் கதவு வீட்டை நடத்துகிற, அந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரிப் பெண். அந்த வீட்டின் வாசல் கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருப்பதால் அந்தப் பெயர். ஆட்டிசம் உள்ள வளர்ந்த பிள்ளைகள், திங்கள் முதல் வெள்ளி வரை, காலையில் அங்கே போவார்கள். பின்னேரம் வீடு திரும்புவார்கள். அதற்குள் என்ன நடக்கிறது என்று வெளியார் கேட்டால் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருவர் மண்ணைக் கிளறுவார், ஒருவர் தண்ணீர்க் குழாயைத் திறந்து திறந்து மூடுவார், ஒருவர் சுவரோரமாகவே நடப்பார். யாரும் யாரையும் அதட்ட மாட்டார்கள். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவில்தான் ரதிதேவியின் குடும்பம் உயிர் வைத்திருந்தது. மகள் கிருசாந்திக்கு இருபத்தேழு வயது. பேச்சு இல்லை. தாயை விட ஒரு தலை உயரம், தாயை விட இரண்டு மடங்கு பலம். போன குளிர்காலத்தில் மஞ்சள் கதவு ஒரு கிழமை, ஏழு நாளும், பூட்டிக் கிடந்தபோது, வழமை குழம்பிய கலவரத்தில் கிருசாந்தி சமையலறை யன்னலைத் தன் நெற்றியாலேயே உடைத்தாள். தடுக்கப்போன தாயின் மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகு ஒரு அலுவலர் வந்து, மிக மரியாதையாக, மிக மெதுவாக, தெற்குத் தீவில் ஒரு நல்ல விடுதி இருக்கிறது என்றார். மஞ்சள் கதவு இருக்கும் மட்டும் யோசிக்கத் தேவையில்லை, அது இல்லாத நாளில் வேறு வழி இல்லை என்றும் சொன்னார்.

தெற்குத் தீவுக்குப் போக விமானம் ஏற வேண்டும். கிருசாந்தி லிஃப்டிலேயே ஏற மாட்டாள்.

இப்போது அந்த நாள் வந்துவிட்டது. வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். இரண்டு தெரு தள்ளி வேறு வீடு ஒன்று தயாராக இருந்தது; ஆனால் முற்பணத்தையும் முதல் மாத வாடகையையும் ஆறு கிழமை தள்ளி வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அது வேறு ஆட்களுக்கு. அதனால்தான் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சவால் எடுத்துக் காசு திரட்டுவது என்று முடிவாகியிருந்தது. ஒரு தகப்பன் ரங்கிடோட்டோ மலையை ஒரே நாளில் மூன்று தடவை ஏறி இறங்கினார். ஒரு தாய் அரை மரதன் ஓடினாள். எல்லோரும் கொண்டுவந்ததைச் சேர்த்துப் பார்த்தாலும் பாதி தாண்டவில்லை. மிச்சம் ரதிதேவியின் பங்கில் வந்து நின்றது.

"அக்கா, நீங்க தினமும் காலைல பிள்ளையார் முன்னாடி தோப்புக்கரணம் போடுவீங்கல்ல?" என்று கேட்டது சுந்தரி. அதே முதியோர் இல்லத்தில் நர்ஸ், மதுரைப் பக்கம். "அதையே போடுங்க. வெள்ளைக்காரங்க அதுக்கு ஸ்குவாட்டுன்னு பேரு வச்சு ஜிம்முல காசு கட்டிப் போடுறாங்க."

"விசர்க் கதை கதையாதையும் சுந்தரி."

"நான் சீரியஸா சொல்றேன். ஆமா, எத்தனை போடுவீங்க?"

"மூண்டு. சில நாள் அஞ்சு."

"ஆயிரத்தெட்டு போடுங்க."

"நூற்றெட்டு எண்டாலும் பரவாயில்லை…"

"நூத்தெட்டுக்கு எவன் காசு குடுப்பான்? நூத்தெட்டு நானே போடுவேன், சேலை கட்டிக்கிட்டு."

ரதிதேவி சிரித்தாள். இரவு படுத்தபின் சிரிப்பு வரவில்லை. காதைப் பிடித்துக்கொண்டு குந்தி எழும்புவது ஒன்றுதான் அவளுடைய உடம்புக்குத் தெரிந்த ஒரே சாகசம். அடுத்த நாளே தொடங்கிவிட்டாள். சலவை அறையில் உலர்த்தும் இயந்திரம் உருளுகிற நேரமெல்லாம் இடது கையால் வலது காது, வலது கையால் இடது காது. முதல் கிழமை மாடிப்படி இறங்கும்போது அழுதாள். கணவன் கேதீஸ்வரன் டாக்சி ஓட்டுகிறவர், வார்த்தை செலவழிக்காத மனிதர். அவர் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, "நீர் செத்துப்போனால் இவளை ஆர் பாக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

"அதுக்காகத்தானே போடுறன்," என்றாள் அவள். அவர் மற்றக் காலுக்குத் தைலம் ஊற்றினார்.

மெரெ இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, ரதிதேவியின் படத்தையும் போட்டு, கடன் அட்டையால் உதவச் சொல்லி எழுதினாள். மெரெயின் ஆட்கள் கொஞ்சம் போட்டார்கள். தமிழர்கள் ஒருவரும் போடவில்லை. மனமில்லாமல் அல்ல, அதை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். கல்யாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் கையில் கொடுத்துத்தான் பழக்கம். கண்ணைப் பார்த்து, கையைப் பிடித்து, உறைக்குள் வைத்துக் கொடுப்பது. முன்பின் தெரியாத ஒரு கம்ப்யூட்டரிடம் எப்படிக் கொடுப்பது? எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நாங்கள் அண்டைக்கு நேரில வந்து தாறம் அக்கா."

அந்த வார்த்தையை நம்பித்தான் ரதிதேவி, கெடு வெள்ளிக்கு முந்திய சனிக்கிழமை, சவாலுக்கு நின்றாள்.

இடம் கொடுத்தவர் இராசநாயகம். கோயில் தலைவர், ஓய்வுபெற்ற கணக்காளர், எழுபதைத் தாண்டியவர். கோயில் என்றால் கோபுரம் வைத்த கோயில் அல்ல. முந்தி மரத்தளபாடக் கிடங்காக இருந்த நீளமான கட்டடம். ஒரு முனையில் பிள்ளையார், மறுமுனையில் சமையலறை, நடுவில் சாம்பல் நிறக் காபெட் விரித்த பெரிய மண்டபம். "தோப்புக்கரணம் எண்டால் பிள்ளையாருக்கு முன்னால போடுறதுதானே முறை. சனமும் வரும். வாடகை வேண்டாம் பிள்ளை," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

மெரெ ஒரு மஞ்சள் வாளியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூடியில்லாத பிளாஸ்டிக் வாளி, பக்கத்தில் மஞ்சள் கதவு என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி ரிப்பன் கட்டியிருந்தது. "உங்களுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், எல்லோருக்கும் தெரியட்டும்," என்றாள். அன்று அவளுக்கு நகரத்தில் வேறு கூட்டம், போய்விட்டாள்.

ரதிதேவி அந்த வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். சாமிக்கு முன்னால் வாளியா? அதுவும் தன் காலடியில், தன் முகத்துக்கு நேரே, போடுங்கோ போடுங்கோ என்று வாயைத் திறந்துகொண்டு? ஊரெல்லாம் பார்க்க அப்படி ஏந்திக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. கொண்டுபோய் வாசலில், செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே வருகிறவர்கள் எப்படியும் அதைத் தாண்டித்தானே வரவேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

காலைப் பூசை முடிந்ததும் தொடங்கினார்கள். கேதீஸ்வரன் கிருசாந்தியோடு வெளியே டாக்சிக்குள் இருந்தார். இத்தனை சனத்துக்குள் அவளைக் கொண்டுவர முடியாது. சுந்தரி ஒரு எவர்சில்வர் தட்டில் கொண்டைக்கடலையோடும் இன்னொரு வெறும் தட்டோடும் தரையில் உட்கார்ந்தாள். பத்துக்கு ஒரு கடலையை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மாற்றுவது அவள் வேலை. "முடிஞ்சதும் ஊறவச்சு சுண்டல் பண்ணிடலாம்க்கா. பிள்ளையாருக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு."

இராசநாயகம் மைக்கைப் பிடித்தார்.

"எங்கட ரதிதேவி தங்கச்சி, சுகமில்லாத தன்ர மகளுக்காகப் பிள்ளையாருக்கு ஆயிரத்தெட்டுத் தோப்புக்கரணம் நேர்ந்திருக்கிறா. வந்திருக்கிற அடியார்கள் தங்களால இயன்ற உதவியைச் செய்து எம்பெருமானின்ர அருளைப் பெற்றுக்கொள்ளுங்கோ."

நேர்ந்திருக்கிறா. ரதிதேவியின் காதில் அது விழுந்தது. இல்லை அண்ணை, நேர்த்தி இல்லை, இது மஞ்சள் கதவுக்குக் காசு சேர்க்கிறது, பிள்ளைக்கு இது மாறிச் சுகமாகப்போகிறதும் இல்லை, மாற்றச் சொல்லி நான் கேட்கவும் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் சனத்தின் முகங்களைப் பார்த்தாள். நேர்த்தி என்றதும் எல்லோருடைய கண்ணிலும் ஒரு கனிவு. நேர்த்திக்குத் தலை குனிய வேண்டியதில்லை. தர்மம் கேட்பதற்குத்தான் குனிய வேண்டும். இப்படியே இருக்கட்டும் என்று நினைத்துவிட்டாள். நினைத்து, காதைப் பிடித்தாள்.

முதல் முந்நூறு வரை பயமில்லை. உடம்பு பழகியிருந்தது. சனம் வந்துகொண்டிருந்தது. பாபகூரா ஆட்கள் எல்லோரும், நகரத்தின் மறுகோடி ஆல்பனியிலிருந்து இரண்டு கார் நிறைய, நகர மையத்தில் படிக்கிற பெண் பிள்ளைகள் சிலர் ரயில் பிடித்து. மரியாதையாகச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பெண் வெளிநாட்டில் இருக்கிற சித்திக்கு வீடியோவில் காட்டினாள்.

நானூறு தாண்டியதும் தொடைகள் தனியாக நடுங்கத் தொடங்கின. கீழே போகும்போது முழங்காலுக்குள் மணல் அரைபடுகிற சத்தம். மேலே வரும்போது கண்ணுக்குள் ஒரு கறுப்பு. வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கி எரித்தது. துடைக்கக் கை இல்லை. கைகள் காதில் இருந்தன. உதட்டை மடித்து மேல்நோக்கி ஊதிப்பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் அதைக் கண்டாள்.

பிள்ளையாரின் வலப்பக்கத்தில் கோயில் உண்டியல். இடுப்பளவு உயரம், மினுங்குகிற எவர்சில்வர், இரண்டு பூட்டு. அவள் குந்துகிற ஒவ்வொரு தடவையும் அதன் வாய் அவளுடைய கண்ணுக்கு நேரே வந்தது. கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மா, பையைத் திறந்து, ஒரு நோட்டை நாலாக மடித்து, ரதிதேவியின் பக்கம் திரும்பி இரக்கமாகத் தலையை அசைத்து, அந்த நோட்டை உண்டியலுக்குள் போட்டாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ரதிதேவி எழுந்தாள். மறுபடி குந்தினாள். அடுத்து ஒரு குடும்பம். தகப்பன் உறையை மகளின் கையில் கொடுத்து மகளைத் தூக்கிப் பிடிக்க, மகள் உறையை உண்டியலுக்குள் தள்ளினாள். உறையில் ரதிதேவி அக்காவுக்கு என்று எழுதியிருந்ததைக்கூட அவள் பார்த்தாள். பின்னால் வரிசை நின்றது. வரிசை!

எங்கே தோப்புக்கரணமோ, எங்கே பிள்ளையாரோ, எங்கே நேர்த்தியோ, அங்கே கை தானாக உண்டியலைத் தேடிப் போகும். நினைவு தெரிந்த நாள் முதல் போய்ப் பழகிய கை. அதற்குப் போய் யார் குற்றம் சொல்ல முடியும்? வாசலில் செருப்புகளுக்கு நடுவில் கிடந்த வாளியை, கால் கழுவ வைத்தது என்று நினைத்திருப்பார்கள்.

நிறுத்துங்கோ என்று கத்த வேண்டும். அதற்குப் போடாதேங்கோ, வாசலில் இருக்கிற வாளிக்குப் போடுங்கோ. எப்படிக் கத்துவது? சாமிக்குப் போட வந்த கையைத் தடுத்து, இஞ்ச எனக்குத் தா என்று, சாமிக்கு முன்னாலேயே? தவிர, ஒருக்கா நின்றால் இந்தக் கால்கள் திரும்ப அசையா என்று அவளுக்குத் தெரிந்தது. இணையத்தில் காசு போட்டவர்கள், ஆயிரத்தெட்டையும் முடித்தால்தான் அந்தக் காசு என்று எழுதியிருந்தார்கள். அதனால் குந்தினாள், எழுந்தாள், குந்தினாள். ஒவ்வொரு தடவை குந்தும்போதும் கண்ணுக்கு முன்னால் மகளின் வீடு மடங்கி மடங்கி அந்த இடுக்குக்குள் விழுந்தது.

முகத்தை நீட்டி நாடியால் உண்டியலைக் காட்டினாள். இராசநாயகம் அதைக் கண்டு, புரிந்துகொண்டவராகத் தலையாட்டி, போய் பிள்ளையாருக்கு இன்னொரு கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார்.

"சுந்தரி," என்றாள். மூச்சு பாதி, சொல் பாதி. "வாளி… வாளி…"

"அய்யோ, வருதாக்கா? பிடிச்சுக்கங்க, பிடிச்சுக்கங்க!" சுந்தரி தட்டை வைத்துவிட்டு ஓடினாள். வாசலில் கண்ணில் பட்ட வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து ரதிதேவியின் வாய்க்குக் கீழே பிடித்தாள். ரதிதேவி குந்தக் குந்த அவளும் குந்தி, எழ எழ அவளும் எழுந்து. "எடுங்க, வெக்கப்படாதீங்க, வயித்துல இருக்கிறதை எல்லாம் எடுத்துடுங்க."

சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். வாளிக்குப் போடலாமா என்று ஒருவேளை யோசித்திருந்த ஒருவரும் இனிப் போட மாட்டார்.

ரதிதேவி வாந்தி எடுக்கவில்லை. வாளிக்குள் பார்த்தாள். சுந்தரியும் பார்த்தாள். அடியில் சில சில்லறைக் காசுகள், ஒரு ஐந்து டொலர் நோட்டு, யாரோ போட்ட சூயிங்கம் உறை.

"என்னக்கா இது? இவ்வளவு பேரு வந்திருக்காங்க…" சுந்தரி நிமிர்ந்தாள். ரதிதேவியின் கண் போன திசையில் திரும்பினாள். வரிசையைக் கண்டாள். வாளியைக் கீழே வைத்தாள். "அடப்பாவி," என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் ஓடிப்போய் இராசநாயகத்திடம் பேசியதும், அவர் முகம் வெளிறியதும், மைக்கை எடுத்தவர் என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்ப வைத்ததும், எல்லாம் ரதிதேவிக்குத் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் தெரிந்தது. சனத்தில் பாதிப் பேர் அதற்குள் கொடுத்து முடித்துச் சமையலறைப் பக்கம் சாப்பிடப் போய்விட்டார்கள். சுந்தரி திரும்பி வந்து கடலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்திடலாம்க்கா. என்னத்துக்கு இனிமே."

ரதிதேவி தலையை மட்டும் ஆட்டினாள். நிறுத்தினால் இணையத்தில் இருப்பதும் போய்விடும். போட்டாள். எழுநூறுக்குப் பிறகு போட்டது அவள் அல்ல. மணிக்கட்டு முறிந்த அந்தக் கிழமையின் பயம் போட்டது. கடைசிக் கடலை தட்டில் விழுந்தபோது யாரோ கை தட்டினார்கள். அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். விரல்கள் விரியவில்லை. அப்படியே காபெட்டில் விழுந்து உட்கார்ந்தாள். கால்கள் யாருடையவோ போல முன்னால் கிடந்தன.

சனம் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தது. "பிள்ளையார் கண் திறப்பார் அக்கா." "உங்கட மகள் இனிக் கதைப்பா, பாருங்கோ." "நாங்களும் எங்களால ஏண்டதைப் போட்டனாங்கள்." அவள் எல்லோருக்கும் ஓம், ஓம் என்றாள். அவர்கள் சாப்பிட்டுக் கார் எடுத்துப் போய்விட்டார்கள்.

மண்டபம் வெறுமையானது. இராசநாயகம் வந்து நின்றார்.

"உண்டியலைத் திறவுங்கோ அண்ணை," என்றாள் ரதிதேவி.

"பிள்ளை…"

"அது என்ர பிள்ளையின்ர வீட்டுக் காசு."

"உள்ளுக்கு விழும் மட்டும் உன்ர காசுதான் பிள்ளை. விழுந்தால் பிள்ளையாற்ற காசு. கோயில் கணக்குக்குத்தான் போக வேணும்."

"என்ன சார் அநியாயம் இது!" சுந்தரி எழுந்துவிட்டாள். "அவங்க முட்டி தேய்ஞ்சு விழுந்த காசு அது. உறைல பேரு கூட எழுதியிருக்கு. நான் உக்காந்து ஒண்ணு ஒண்ணா எண்ணினேன்!"

"தங்கச்சி, நீங்கள் எண்ணினது கடலை. நான் எண்ண வேண்டியது சனத்தின்ர வாயை." அவர் குரல் உயரவில்லை, களைத்துப்போய் இருந்தது. "போன வருசம் ஒராள் நல்ல எண்ணத்தோடதான் உண்டியலைத் திறந்து, கஷ்டப்பட்ட குடும்பம் ஒண்டுக்குக் குடுத்தவர். கோயில் ரெண்டாப் பிளக்கப் பாத்தது. அதுக்குப் பிறகு நான்தான் ரெண்டு பூட்டுப் போட்டனான். ஒரு திறப்பு என்னட்ட. மற்றது செயலாளரிட்ட. அவர் தாய் செத்து, அந்தியேட்டிக் கிரியைக்கு யாழ்ப்பாணம் போயிட்டார். அடுத்த மாதம்தான் வருவார்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள கட்ட வேணும் அண்ணை."

"தெரியும் பிள்ளை."

"இல்லாட்டி அவளைத் தெற்குக்கு அனுப்புவினம். பிளேனில எப்பிடி ஏத்துவினம் தெரியுமே? ஊசி போட்டுத்தான் ஏத்துவினம். அவள் எழும்பிப் பாக்கேக்க நான் இருக்க மாட்டன்." அவள் அழவில்லை. அழுவதற்கும் உடம்பில் ஈரம் இருக்க வேண்டும். "காலில விழச் சொன்னாலும் விழுவன். எழும்ப ஏலாது, அவ்வளவுதான். ஏற்கெனவே கீழதானே இருக்கிறன்."

அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்தார். இருந்த நோட்டுகளை எண்ணாமல் எடுத்து வாளிக்குள் போட்டார். வாளியின் அடி இன்னும் தெரிந்தது. அவருக்கும் அது தெரிந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போது வாசல் கதவு திறந்தது. டாக்சிக்குள் இருக்கப் பொறுக்காமல் கிருசாந்தி இறங்கியிருந்தாள். கேதீஸ்வரன் அவள் பின்னால் வந்தார். செருப்போடு உள்ளே வந்த மகளைத் தடுக்க அவர் கை நீட்டினார். ரதிதேவி, "விடுங்கோ," என்றாள்.

கிருசாந்தி யாரையும் பார்க்கவில்லை. மண்டபத்தின் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவரோரமாக நடக்கத் தொடங்கினாள், கை சுவரை வழித்துக்கொண்டே வந்தது. தொண்டையிலிருந்து அவளுடைய அந்த ஒற்றைச் சத்தம், ஒரு நீண்ட 'ஊ'. நீளச் சுவர் முடிந்தது. மூலையில் நின்றாள். திரும்பினாள். குறுக்குச் சுவர். சமையலறை வாசலில் கொஞ்சம் தயங்கி, அதையும் தாண்டி, மறுபக்க நீளச் சுவர். ஓடவில்லை. தலையில் அடிக்கவில்லை. இத்தனை பெரிய வெறும் இடம் அவளுக்கு வீட்டில் ஒருநாளும் கிடைத்ததில்லை.

ரதிதேவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்று தொடங்கியபோது கேட்டாள், "அண்ணை, திங்கள் தொடக்கம் வெள்ளி மட்டும் இந்த மண்டபத்தில என்ன நடக்குது?"

"வேலை நாளில என்ன நடக்கிறது? காலமையும் பின்னேரமும் ஐயர் வந்து பூசை செய்வார். வெள்ளி பின்னேரம் பஜனை. மற்றும்படி பூட்டிக் கிடக்கும்."

"அப்ப நான் காசு கேக்கேல்ல. பிள்ளையாற்ற காசு எண்டால் அவரே வைச்சிருக்கட்டும். அவருக்கு வாடகை கட்டியாச்சு எண்டு வையுங்கோ. இடத்தைத் தாங்கோ."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்?"

"மெரெ வேற வீடு பிடிக்கும் மட்டும். இஞ்ச வரட்டும் அவையள்."

சுந்தரி வாயில் கை வைத்தாள். கேதீஸ்வரன் மனைவியின் பக்கம் வந்து நின்றார்.

இராசநாயகம் ஒரு கணக்காளர். காரணங்கள் வரிசையாக வந்தன. "இது கோயில். அவை மாடு சாப்பிடுற ஆக்கள்."

"இஞ்ச கொண்டர வேண்டாம் எண்டு மெரெயிட்டச் சொல்லுறன். கேப்பா."

"சத்தம் போடுவினம்."

"ஓம். போடுவினம்."

"ஒண்டுக்கு ரெண்டுக்கு…"

"ஒராளுக்குச் சில நேரம் தவறும். நான் கழுவுவன். இருவது வருசமா அதானே என்ர வேலை."

"சாமியைப் போய்த் தொட்டால்?"

"தொடட்டுமேன் அண்ணை," என்றார் கேதீஸ்வரன். அன்று அவர் கோயிலுக்குள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"கமிட்டியைக் கூட்ட வேணும். நாளைக்குப் பின்னேரம் கூட்டலாம். ரெண்டு பேர் கட்டாயம் எதிர்ப்பினம். அந்த ரெண்டு பேரும் வென்றால் நான் ஒண்டும் செய்ய ஏலாது, இப்பவே சொல்லிப்போட்டன்."

"நானும் வாறன் கூட்டத்துக்கு. இண்டைக்கு நேர்த்தி எண்டு நீங்கள் சொல்லேக்க நான் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டன். நாளைக்கு நிக்க மாட்டன். அவளுக்கு என்ன எண்டு நானே எல்லாருக்கும் சொல்லுறன். மாறாது எண்டும் சொல்லுறன்."

"அவை கேக்காட்டி?"

கேட்காவிட்டால் ஒன்றுமே இல்லை. எழும்பலாம் என்று கையை ஊன்றினாள். தொடைகள் மறுத்துவிட்டன. கேதீஸ்வரன் ஒரு பக்கமும் சுந்தரி ஒரு பக்கமும் பிடித்தும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "விடுங்கோ, கொஞ்சம் இருக்கிறன்," என்றாள்.

கிருசாந்தி மூன்றாவது சுற்றில் இருந்தாள். இராசநாயகத்தின் முதுகுப் பக்கமாக, சுவருக்கும் அவருக்கும் நடுவில் இருந்த ஒடுங்கிய இடைவெளியால் அவள் போக வேண்டும். அவர் அசையாவிட்டால் அவள் நின்றுவிடுவாள். நின்றால் என்ன நடக்கும் என்று தாய்க்குத் தெரியும். ரதிதேவி அவரைப் பார்த்தாள். அவர் திரும்பி, வருகிறவளைக் கண்டு, மெல்ல இரண்டடி விலகி வழி விட்டார். கிருசாந்தி அவரைக் கடந்து போனாள். அந்த 'ஊ' அவர் காதுக்குப் பக்கத்தால் போயிற்று.

பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, முழங்கால் மடக்க முடியாத மனிதர், ஒரு கையை உண்டியலில் ஊன்றி, முனகிக்கொண்டே, ரதிதேவிக்கு எதிரில் காபெட்டில் இறங்கி உட்கார்ந்தார்.

"மத்தியானத்துக்கு அவை என்ன சாப்பிடுவினம்?" என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வியை இந்த மண்டபத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"மற்றவை எல்லாம் வீட்டில இருந்து கொண்டருவினம். இவளுக்கு வெள்ளைச் சோறு. வேற ஒண்டும் வேண்டாம். மேல ஒண்டும் ஊத்தக்கூடாது. ஊத்தினால் தட்டை எறிஞ்சிடுவாள்."

"சோறு இருக்கும்," என்றார் அவர். "நாளைக்குக் கூட்டத்தில அதையும் சொல்லு."